உங்களுக்கு வச்ச பேர் உங்களுக்குப் பிடிச்சிருக்கா?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்):
என் பேர் சுடலைமுத்து. திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. மத்தவங்களுக்காக: சுடலைமாடன் எங்க குலசாமி, அப்பாவைப் பெத்த தாத்தா பேரும் இதுதான். சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் வாரமே நான் 'முத்து' ஆயிட்டேன். நானா மாத்திக்கல, மேனேஜருக்கு முழுசாச் சொல்லச் சோம்பல். மெயில்ல 'எஸ். முத்து'. ஊருக்குப் போய் பஸ்ஸ விட்டு எறங்கினா 'ஏல சொடல, எப்ப வந்த?'

இப்ப பிரச்சினை என் பேர் இல்ல. போன வாரம் பொண்ணு பிறந்திருக்கா. ஆச்சி பேரைத்தான் வைக்கணும்னு அம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. ஆச்சி பேர் இசக்கியம்மாள், இசக்கி எங்க பக்கத்து அம்மன். வீட்டுக்காரி ஒரே கேள்விதான் கேட்டா: 'ஆபீஸ்ல உங்க முழுப் பேரைச் சொல்லவே நீங்க கூசுறீங்க, பிள்ளை தலையில எதுக்கு அதே மாதிரி இன்னொண்ணு?' பதில் வரல எனக்கு.

அதனால கேக்கறேன். உங்களுக்குப் பேர் வச்சது யாரு, எதுக்கு அந்தப் பேரு, இப்ப அதோட எப்படி இருக்கீங்க? அறிவுரை வேண்டாம், கதை சொல்லுங்க. (அறிவுரையும் வரும், தெரியும்.)

மணி_மதுரை:
வாழ்த்துகள் அண்ணே. நான் பிச்சைமணி. மணி மட்டும்தான் வெளிய தெரியும். பள்ளிக்கூடத்துல மத்தியானம் தட்டோட உக்காந்தா அதுல எட்டணா போட்டுட்டுச் சிரிப்பானுங்க. ஒரு நாள் அழுதுகிட்டே அம்மாகிட்ட கேட்டேன். எனக்கு முன்னாடி ரெண்டு பிள்ளை தங்கலையாம். மூணாவதா என்னை மடியேந்திப் பிச்சையாக் கேட்டு வாங்கினேன்னாங்க. அதுக்கப்புறம் கேலி பண்ணினப்ப கோவம் வந்துச்சு, ஆனா வெக்கம் வரல. அந்த எட்டணாவையும் எடுத்து வச்சுக்கிட்டேன்.

அரசமரத்தடி:
மணி சொன்னது ஒரு பெரிய குடும்பம். பிள்ளைங்க வரிசையா தவறிப் போற வீட்டுல, அடுத்து பிறந்ததைக் குப்பைமேட்டுல போட்டு எடுப்பாங்க, இல்லன்னா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துட்டுத் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவாங்க. எமனுக்கும் கண்ணேறுக்கும் 'இது ஒண்ணுக்கும் ஆகாத பிள்ளை, விட்டுட்டுப் போ'ன்னு காட்டற வித்தை. குப்புசாமி, குப்பம்மா, தவுட்டம்மா எல்லாம் அப்படி வந்ததுதான். மூக்கு குத்தி விட்டா மூக்கன், மூக்காயி. மட்டமான பேர்னு இப்ப நினைக்கிறோம். வச்சவங்களுக்கு அந்தப் பிள்ளை பிழைச்சாப் போதும்னு இருந்துச்சு.

கூகுள்மாமா:
யாஷிகான்னு வச்சிருங்க, சண்டை தீர்ந்துச்சு. அர்த்தம் கேட்டா 'வெளிச்சம்'னு சொல்லிக்கலாம். பேர் வைக்கிற தளங்கள்ல எந்தப் பேரைத் தட்டினாலும் வெளிச்சம், இல்லன்னா லட்சுமி, அதுவும் இல்லன்னா 'தனித்துவமானவள்'.

தில்லைவாசல்:
என் முழுப் பேர் குஞ்சிதபாதம். சிதம்பரத்துல ஆடுறதுக்குத் தூக்கின திருவடி. பெங்களூருல பத்து வருஷமா நான் 'மிஸ்டர் பாதம்'. ஒரு தடவை கான்ஃபரன்ஸ் கால்ல 'மிஸ்டர் பாதாம்'னு ஒருத்தர் ஆரம்பிச்சார், அதுவே நிலைச்சிருச்சு. சிரிச்சுட்டுப் போயிடுவேன். மாத்தணும்னு தோணினதே இல்ல.

ஏன்னா நம்ம பழைய பேர்ல ஊர் இருக்கு. தையல்நாயகின்னா வைத்தீஸ்வரன்கோயில் பக்கம்னு சொல்லிடலாம். அபயாம்பாள்னா மாயவரம். ஏகாம்பரம்னா காஞ்சிபுரம். கோமதியும் சங்கரநாராயணனும் சங்கரன்கோவில். காந்திமதின்னா உங்க நெல்லை. சாமி மாறினாலும் இதே கதைதான்: ஆரோக்கியசாமிக்கும் ஆரோக்கியமேரிக்கும் பின்னால வேளாங்கண்ணி நிக்குது, நாகூர் மீரானுக்குப் பின்னால தர்கா நிக்குது. ரயில்ல எதிர்ல உக்காந்தவர் பேரைச் சொன்னதுமே 'அந்தப் பக்கமா நீங்க?'ன்னு பேச்சு ஆரம்பிக்கலாம். யாஷிகாகிட்ட அப்படிக் கேக்க முடியுமா? ஊர்ப் பேரெல்லாம் ஒவ்வொண்ணாப் போகுது. இசக்கியை விட்றாதீங்க.

நீலவானம்:
தில்லைவாசல் அண்ணன் சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. அந்த ஊர்ப் பேரை வச்சுக்க ஊர்ல எல்லாருக்கும் இடம் இருந்துச்சா?

என் தாத்தா பேர் கருப்பன். சாமி பேர்தான். அதே சாமி பேரை நிலம் வச்சிருந்தவர் வீட்டுல வச்சா கருப்பசாமி, எங்க தெருவுல வச்சா கருப்பன். 'சாமி'ன்னு முடிஞ்சா, கூப்பிடுறவன் எங்காளைப் பார்த்துச் சாமின்னு சொல்ல வேண்டி வரும்ல. எங்க தெருவுல ஒருத்தர் துணிஞ்சு மகனுக்கு முனுசாமின்னு வச்சார். பள்ளிக்கூடப் பதிவேட்டுல முனுசாமி, ஊர் வாயில கடைசி வரைக்கும் முனியன்.

தாத்தாவுக்கு எழுபது வயசு இருக்கும். ஒரு பத்து வயசுப் பையன் வரப்பு மேல நின்னு 'ஏ கருப்பா'ன்னு கூப்பிட்டான். தாத்தா தலைத்துண்டை இடுப்புக்கு இறக்கிக்கிட்டே 'சொல்லுங்க சாமி'ன்னார். பக்கத்துல நான் நின்னேன்.

அப்பா எனக்கு பீமாராவ்னு பேர் வச்சார். நீ தெலுங்கான்னு டீச்சரே கேட்டாங்க. ஆனா ஒண்ணு, அந்தப் பேரை எப்படி மட்டமாச் சுருக்கறதுன்னு ஊர்ல யாருக்கும் தெரியல. அப்பா அதுக்காகவேதான் தேடிப் பிடிச்சாராம். என்னை முழுசாத்தான் கூப்பிட்டாகணும். எனக்குப் பேர் ரொம்பப் பிடிக்கும்.

தில்லைவாசல்:
தம்பி, நீங்க சொன்னது நிஜம், மறுக்கல. அதுக்காக எங்க அப்பா ஆசையா வச்ச பேரை நான் ஏன் விடணும்?

நீலவானம்:
விடச் சொல்லல அண்ணே. 'நம்ம பழைய பேர்'னு எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னீங்களே, அந்த 'நம்ம'வைத்தான் கேட்டேன். இழை போட்டவருக்கும் ஒரு கேள்வி: ஆச்சி பேரை வைக்கணும்னு அம்மா சொல்றாங்க, வேண்டாம்னு அண்ணி சொல்றாங்க. ஆச்சிக்கு அந்தப் பேர் பிடிச்சிருந்துச்சான்னு யாராவது கேட்டிருக்கீங்களா?

பொருநைக்கரை:
ஆச்சி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சு தம்பி. அம்மாகிட்ட கேட்டுப் பார்க்கறேன்.

சிவப்பு மை:
தோழர் நீலவானம் தொட்ட இடத்துல இருந்து கொஞ்சம் வரலாறு. 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல, பேருக்குப் பின்னால சாதிப் பட்டம் போடுறதை விடணும்னு தீர்மானம் போட்டாங்க. இன்னிக்கு நாம பேருக்கு முன்னால அப்பா இனிஷியலோட மட்டும் திரியறதுக்கு அது ஒரு பெரிய காரணம். பட்டம் போனதும் அடுத்த தலைமுறை பேர்லயே கை வச்சுது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார், சாரங்கபாணி வீரமணி ஆனார். அதுக்கு முன்னாடியே சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆயாச்சு. ஜீவானந்தத்துக்கு வீட்டுல வச்ச பேர் சொரிமுத்து. காரையாறு சொரிமுத்து அய்யனார் உங்க பக்கத்துச் சாமிதானே, சுடலைமுத்து அண்ணே?

எங்க அப்பா காலத்துல பேர் வைக்கப் பஞ்சாங்கம் பார்க்கல, செய்தித்தாளைப் பார்த்தாங்க. மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, அந்த ஸ்டாலின் மாஸ்கோவில இறந்தது மார்ச் 5. எங்க ராமநாதபுரம் பக்கம் தெருவுக்கு ஒரு போஸ் உண்டு. என் பேர் லெனின். வங்கியில கடன் வசூல் பிரிவு. வாசல்ல நின்னு பேரைச் சொல்றப்ப சில பெரியவங்க முகத்துல ஒரு நிமிஷம் வெளிச்சம் வரும். அப்புறம் எதுக்கு வந்திருக்கேன்னு சொல்லணும்.

மணி_மதுரை:
லெனின் கடன் வசூலுக்கு வர்றாரு, கேட்டுக்கங்கய்யா. இன்னிக்குச் சாப்பாடு செரிச்சுரும்.

போதும்பொண்ணு:
இது புனைபேர் இல்ல. என் பேரே இதுதான்.

நாலாவது பொண்ணு நான். இத்தோட போதும், அடுத்தது பையனா வரட்டும்னு சாமிக்குச் சொல்லி அனுப்பின தபால் என் பேர். எனக்கப்புறமும் தங்கச்சிதான் வந்தா. அவளுக்கு பிரியான்னு வச்சாங்க. பேர் வச்சா வேலை நடக்காதுன்னு அதுக்குள்ள தெரிஞ்சு போச்சு. திருத்தணிப் பக்கம் ஒரு கிராமத்துல பொண்ணுக்கு 'வேண்டாம்'னே வைக்கிற வழக்கம் செய்தியில வந்தப்ப, ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் அய்யோன்னாங்க, அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினாங்க.

நான் நர்ஸ். மார்ல பேர் அட்டை மாட்டிக்கிட்டுத்தான் வார்டுக்குள்ள போகணும். படிக்கத் தெரிஞ்ச பெண்கள் படிப்பாங்க, என் முகத்தைப் பார்ப்பாங்க, 'எத்தனாவது சிஸ்டர் நீங்க?'ன்னு கேப்பாங்க. ஆம்பளைங்க ஊசி போடறப்ப 'சிஸ்டர், போதும் போதும்'னு ஜோக் அடிப்பாங்க. எல்லாருமே தனக்குத்தான் இது முதல்ல தோணுச்சுன்னு நினைச்சுச் சிரிப்பாங்க.

மாத்தணும்னு அரசிதழ் விண்ணப்பம் வாங்கி நிரப்பியும் வச்சிருக்கேன். பழைய பேர், அப்பா பேர், பிறந்த தேதி எல்லாம் எழுதியாச்சு. புதுப் பேர் எழுதற கட்டத்துல நிக்குது. எதை எழுதிப் பார்த்தாலும் வேற யாரோட அட்டையையோ மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. அதுக்காக இந்தப் பேரை நேசிக்கிறேன்னு அர்த்தமில்ல. கோவம் இருக்கு. என்னைப் பெத்தவங்க ஏமாந்து போனதுக்கு நான் ஏன் ஆயுசு முழுக்க விளம்பரம் சுமக்கணும்? அப்பா மட்டும் 'போது, போது'ன்னு இழுத்துக் கூப்பிடுவார். அந்தக் குரல்ல அது சாதாரணமா ஒரு பொண்ணு பேராத்தான் கேட்கும். வச்சதும் அவர்தான்.

நம்பிக்கை ஒளி:
அக்கா, எல்லாச் செல்வமும் நிறைஞ்சு 'போதும்' என்ற பொருளில் எடுத்துக் கொள்ளுங்கள். எல்லாம் நாம் பார்க்கும் பார்வையில்தான் இருக்கிறது.

போதும்பொண்ணு:
நன்றி தம்பி. வேண்டாம்.

நூலகப் பூனை:
அக்கா பதிவைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. சம்பந்தம் இருக்கோ இல்லையோ, ஒண்ணு சொல்றேன். சங்கப் பாட்டுல செம்புலப்பெயல்நீரார்னு ஒரு புலவர். அணிலாடு முன்றிலார்னு ஒருத்தர், ஓரேருழவர்னு ஒருத்தர். வீட்டுல இப்படி யாருக்கும் பேர் வச்சிருக்க மாட்டாங்க. சொந்தப் பேர் தொலைஞ்சு போனதால, அவங்க பாட்டுல இருந்த வரியையே எடுத்துப் பேரா வச்சுட்டாங்க தொகுத்தவங்க. அப்பா அம்மா என்ன ஆசையில என்ன பேர் வச்சாங்களோ, அது போயே போச்சு.

பினாங்கு நிலா:
மலேசியாவுல இருந்து வணக்கம். எங்க அடையாள அட்டையில பேருக்கு நடுவுல ஏ/எல், ஏ/பி இருக்கும். மலாய்ல 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்'. சின்ன வயசுல அதை என் பேரோட ஒரு பகுதின்னே நினைச்சிருந்தேன், பரீட்சைத் தாள்ல கூட எழுதியிருக்கேன். தோட்டத்துல குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினதுதான் பேர். எங்க தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே அப்பாவுக்குப் பிறந்தவங்க, அட்டையில அந்த அப்பா பேர் ரெண்டு விதமா இருக்கு. சொத்து மாத்தறப்ப, அது ஒரே ஆள்தான்னு நிரூபிக்க வீடே அலைஞ்சுது.

லெனின் அண்ணன் சொன்ன 1929 கதையோட மறுபக்கமும் உண்டு. அதுக்கு முன்னாடியே கப்பல் ஏறினவங்களுக்கு அந்தத் தீர்மானம் போய்ச் சேரல. தென்னாப்பிரிக்காவுல கோவெண்டர்னா நம்ம கவுண்டர், மூட்லின்னா முதலி. பிள்ளை, நாயுடு, படையாச்சியும் குடும்பப் பேரா நிக்குது. ரீயூனியன் தீவுல கரும்புத் தோட்டத்துக்குப் போன ராமசாமியோட சொந்தப் பேரு பிரெஞ்சுச் சட்டத்துல குடும்பப் பேரா உறைஞ்சுது. இன்னிக்கு அங்க ராமசாமி வீட்டுப் பொண்ணுக்கு முன்பேர் மரி, பின்பேர் ராமசாமி.

வடமராட்சி:
எங்கட பாடு வேற. கனடாவுக்கு வந்த உடன அப்பான்ர பேர் எனக்குக் குடும்பப் பேராப் போச்சுது. மனிசிக்கு அவவின்ர அப்பான்ர பேர், பிள்ளையளுக்கு என்ர பேர். ஒரு வீட்டில நாலு பேர், மூண்டு குடும்பப் பேர். பள்ளிக்கூடத்தில மகளைக் கூட்டிக்கொண்டு வரப் போனால் நீங்கள் உண்மையா அப்பாவோ எண்டு கேட்கினம். என்ர பேர் நீளம் எண்டு வங்கி அட்டையில கடைசி எழுத்துக்களை வெட்டிப் போட்டாங்கள். வெட்டின பேரைத்தான் இப்ப எல்லாரும் கூப்பிடுகினம். அம்மா தொலைபேசியில முழுசாச் சொல்லேக்க, ஆரைக் கேட்கிறா எண்டு மகள் சிரிக்கிறாள்.

துபாய் பஸ்:
ஒத்தைப் பேர்க்காரங்க பாஸ்போர்ட் எடுக்கறப்பவே யோசிங்க. சர்நேம் கட்டத்தைக் காலியா விட்டா இங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. 2022 நவம்பர்ல அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசாவுல வரக்கூடாதுன்னு சொன்னப்ப விமான நிலையத்துல நிறைய பேர் முழிச்சாங்க. அப்புறம் உள்பக்கத்துல அப்பா பேர் இருந்தாச் சரின்னு தளர்த்தினாங்க. அமெரிக்க விசாவுல முதற்பேர்க் கட்டம் காலின்னா 'எஃப்என்யு'ன்னு அடிச்சிருவாங்க, முதற்பெயர் தெரியாதுன்னு அர்த்தம். என் ரூம் மேட் அங்க போனப்ப எல்லாரும் 'ஹாய் ஃப்னு'ன்னாங்களாம். அவனும் சீனாக்காரன் மாதிரி தலையாட்டிட்டு வந்திருக்கான்.

செம்பருத்தி:
எனக்கு வச்ச பேரை இங்க எழுத மாட்டேன். எழுதினா மறுபடி அதுல கூப்பிட ஆரம்பிப்பாங்க. நான் திருநங்கை.

நானா வச்சுக்கிட்ட பேர் பொன்னுத்தாயி. எங்க ஆயா பேர். கூட இருக்கற தோழிங்க எல்லாம் நடிகைங்க பேரா வச்சிருந்தாங்க, நான் இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஊர்ல எல்லாரும் இந்த மாதிரிப் பேரைக் கழட்டிப் போடறாங்க, நீ தேடிப் போய் எடுத்து மாட்டிக்கிறியேன்னாங்க. எனக்குப் பொட்டு வச்சுப் பார்த்த முதல் ஆள் ஆயாதான், வேற யார் பேரை வைக்கறது?

2019 சட்டப்படி மாவட்ட ஆட்சியர் கொடுக்கற சான்றிதழ் இருந்தா, பிறப்புச் சான்றிதழ்ல இருக்கற முதற்பேரையும் மாத்திக்கலாம். ஆதார், வங்கி எல்லாம் மாத்தியாச்சு. அம்மா வாயில மட்டும் இன்னும் மாறல. ஆனா பழைய பேரைச் சொல்றதை நிறுத்திட்டாங்க. 'ஏய்', 'இங்க பாரு', 'சாப்டியா'. பேரே இல்லாமப் பேசக் கத்துக்கிட்டாங்க. மாமியார் பேரைப் பெத்த பிள்ளைக்குச் சொல்ல வாய் வரலையோ என்னவோ, அவங்க காலத்து மருமக.

இசக்கியம்மாள் நல்ல பேர் அண்ணா. ஆனா உங்க பொண்ணு அதைத் தேடிப் போய் எடுத்துக்கற நாளும் வரலாம். அதையும் யோசிங்க.

திருவாதிரை அம்மா:
நீங்க எல்லாரும் பேரைத் தேர்ந்தெடுக்க முடிஞ்சவங்க. என் மகனுக்குத் திருவாதிரை நட்சத்திரம். ஜோசியர் கு, க, ங, ச ன்னு நாலு எழுத்து கொடுத்தார். அவன் பாதத்துக்கு விழுந்தது 'ங'. 'ங'வில எந்த மனுஷனுக்குப் பேர் இருக்கு? மாமனார் அதுதான் வேணும்னு மூணு நாள் விடல. கடைசியில ஜாதகத்துல ஒரு பேர், வெளிய குமரன்.

பதிவேடு (ஓய்வு):
நகராட்சியில பிறப்பு இறப்புப் பதிவுல வேலை பார்த்தவன். பொருநைக்கரைத் தம்பிக்கு இரண்டு விஷயம். பிறப்பை 21 நாளுக்குள்ள பதிஞ்சிருங்க, பேர் முடிவாகலைன்னா பேர் இல்லாமலே பதியலாம். பேரைச் சேர்க்க 12 மாசம் வரைக்கும் கட்டணம் கிடையாது, அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணத்தோட சேர்க்கலாம். சண்டையை முடிச்சிட்டு வாங்க. அவசரத்துல ஒண்ணைக் கொடுத்துட்டு மாத்த வர்ற கூட்டம்தான் எங்களுக்கு வேலையே. ஆங்கில எழுத்துக்கூட்டலை வீட்டுலயே எழுதி எடுத்து வாங்க. ஒரே தமிழழகிக்குப் பள்ளிக்கூடத்துல இசட் போட்டிருப்பாங்க, ஆதார்ல எல் போட்டிருப்பாங்க, அப்புறம் ரெண்டும் ஒரே பொண்ணுதான்னு சத்தியப் பிரமாணம் எழுதணும்.

பொருநைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. எல்லாத்தையும் வீட்டுக்காரிக்கு வாசிச்சுக் காட்டினேன். போதும்பொண்ணு அக்கா எழுதினதை மட்டும் இன்னொரு தடவை படிங்கன்னா.

நீலவானம் தம்பி கேட்டதை அம்மாகிட்ட கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் சொன்னாங்க: ஆச்சிக்கு அவ பேரே பிடிக்காதாம். கல்யாணத்துக்கு முன்னாடி, ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போறப்ப, வழியில பேர் கேட்டவங்ககிட்ட எல்லாம் கோமதின்னு சொல்லிக்கிட்டே போவாளாம். தாத்தாவுக்கும் தெரியுமாம், கேலி பண்ண மட்டும் 'ஏ கோமதி'ன்னு கூப்பிடுவாராம். இத்தனை வருஷத்துல எனக்கு யாரும் சொன்னதில்ல.

சரி, அப்ப கோமதின்னு வச்சிருவோம், ஆச்சி ஆசையும் நிறைவேறினாப்பல ஆச்சுன்னேன். அம்மா உடனே, 'அவ ஆசைப்பட்ட பேர் வேற, அவ பேர் வேற, நான் இசக்கிக்குத்தான் நேர்ந்திருக்கேன்'னுட்டாங்க. வீட்டுக்காரிக்குக் கோமதியும் ஆகாதாம், அவ பெரிய அத்தை பேராம், அந்த அத்தைக்கும் அவங்க வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாதாம். பேர் இல்லாமப் பதிய நாளைக்குக் காலையில நகராட்சிக்குப் போறேன்.